வாசகர் கேள்விகள்: கட்டுகிறவர்களை அனுப்பிவிட்டால் வீடு மலியுமா?

கேள்வி: அமெரிக்காவில் வீட்டு விலையும் வாடகையும் ஏறிக்கொண்டே போகின்றன. குடியேறிகளைத் திருப்பி அனுப்பினால் வீடுகள் காலியாகி விலை தானாக இறங்கும் என்கிறார்களே, சரிதானே?

பதில்: கொஞ்சம் காலியாகும், ஆனால் அது ஒரே ஒரு தடவை கிடைக்கிற வீடு. கட்டுகிறவர் போய்விட்டாலோ, அவர் கட்டியிருக்க வேண்டிய வீடு அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. அங்கே கட்டுமானத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். கூரை வேய்வது, சுவருக்கு ஜிப்சம் போர்டு அடிப்பது போன்ற வேலைகளில் சுமார் பாதிப் பேர் அவர்கள்தான்.

இது வெறும் ஊகம் இல்லை. போலீஸிடம் சிக்குகிறவர்களின் கைரேகையைக் குடியேற்றத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட்டு நாடு கடத்தும் திட்டம் ஒன்றை 2008 முதல் 2013 வரை கவுண்டி கவுண்டியாக (நம் மாவட்டம் மாதிரி) கொண்டுவந்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் வராததால், வந்த இடத்தையும் வராத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அப்படிப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள் கண்டது: திட்டம் வந்த இடங்களில் புது வீடுகள் குறைந்தன, விலை ஏறியது.

தட்டுப்பாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. 2005-இல் 20 லட்சத்துக்கு மேல் வீடுகளைக் கட்டத் தொடங்கிய நாடு, வீட்டுச் சந்தை சரிந்த பிறகு 2009-இல் ஐந்தரை லட்சத்தைத்தான் தொட்டது. அப்போது தொழிலை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அப்புறம், பல நகரங்களில் பெரும்பகுதி நிலத்தில் தனி வீடு தவிர வேறெதுவும் கட்டக்கூடாது என்கிற விதி வேறு.

கேள்வி: அவர்கள் இல்லாவிட்டால் உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வேலை கிடைக்குமே, சம்பளமும் கூடுமே?

பதில்: சம்பளம் கூடவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு வீடு எப்படி எழும்புகிறது என்று பாருங்கள். மரச் சட்டம் நிறுத்தி, கூரை போட்டு, சுவருக்குள் ஒயரும் குழாயும் இழுத்த பிறகுதான் ஜிப்சம் போர்டு அடிப்பார்கள். இணைப்புகளில் டேப் ஒட்டி, பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்தால்தான் பெயிண்டர் உள்ளே வரமுடியும். அந்த போர்டு அடிக்கிற நான்கு பேர் வரவில்லை என்றால் பெயிண்டர், தரை போடுகிறவர், சுவிட்சு மாட்ட வரவேண்டிய எலக்ட்ரீசியன் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான், கட்டுகிற நிறுவனம் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்காமல் ஓடும். மேலே சொன்ன ஆய்விலேயே, அந்த இடங்களில் உள்ளூர்த் தொழிலாளர்களின் வேலையும் குறைந்தது தெரிந்தது. இவருக்குப் பதில் அவர் என்று மாற்றி உட்காரவைக்கிற நாற்காலி இல்லை இது.

கேள்வி: அப்படியென்றால் முறையாக விசா கொடுத்தே அழைத்து வரலாமே?

பதில்: தாராளமாக வரலாம், வாசல்தான் குறுகல். இவர்களுக்கு இருக்கிற எச்-2பி விசாவுக்குச் சட்டம் வைத்திருக்கிற வருஷ வரம்பு 66,000. அதுவும் தற்காலிக வேலைக்கு, விவசாயம் தவிர மற்ற எல்லாத் தொழிலுக்கும் சேர்த்து. வீடு கட்டுவதோ வருஷம் முழுக்க நடக்கிற வேலை.

முறையாக அழைத்து வந்தால் மட்டும் போதாது என்பதற்கு சிங்கப்பூர் சாட்சி. 2020 ஏப்ரலில் அங்கே கட்டுமானம் நின்றது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், நம் ஊர்க்காரர்கள் உட்பட, விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்ததால் கொரோனா காட்டுத்தீயாகப் பரவியது. அரசு வீட்டுக்குப் பதிவு செய்திருந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தன, 2021-இல் அரசு அடுக்குமாடி வீடுகளின் மறுவிற்பனை விலை 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. கொரோனா அப்படிப் பரவிய பிறகுதான் புது விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. பன்னிரண்டே அதிகம் என்பேன் நான். ஊருக்கே வீடு கட்டுகிறவருக்கு ஒழுங்காகப் படுக்க இடம் கொடுப்பதையும் கட்டுமானச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.