கல்லாவில் கை வைப்பது யார்?

கேள்வி: அப்பா காலமான பிறகு எங்கள் மளிகைக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தங்கையும் பங்குதாரர், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள கணக்கைப் பற்றித் தமிழில் கேட்டாலே பதில் சொல்லும் செயலி ஒன்றை வாங்கினேன். 'லாபம் ஏன் குறைகிறது?' என்று கேட்டால், 'கொள்முதல் கூடியிருக்கிறது, ரொக்க விற்பனை கூடவில்லை' என்கிறது. 'யார் திருடுகிறார்?' என்றால் மழுப்புகிறது. இருபது வருடமாகக் கடையில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா மீதுதான் எனக்குச் சந்தேகம். இரவில் கல்லாவை நானே எண்ணி, இருப்பதை ரொக்க விற்பனையாக ஏற்றுகிறேன். வீட்டுச் செலவுக்கு நான் அவ்வப்போது எடுப்பதைத் தவிர வேறு யாரும் கல்லாவில் கை வைப்பதில்லை. சித்தப்பாவை நிறுத்திவிடலாமா? (கடிதம் சுருக்கப்பட்டது.)

பதில்: உங்கள் முழுக் கடிதத்தில் சித்தப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு எடுப்பதைப் பற்றி அரை வரி. நான் அந்த அரை வரியை விடப்போவதில்லை, தம்பி.

காலையில் பால்காரருக்கு, மத்தியானம் சிலிண்டருக்கு, சாயங்காலம் பிள்ளையின் டியூஷனுக்கு என்று எடுப்பீர்கள். எங்கேயாவது எழுதுகிறீர்களா? இரவில் மிச்சத்தை எண்ணி அதற்கு 'ரொக்க விற்பனை' என்று பேர் வைக்கிறீர்கள். பருப்பு மூட்டை முழு விலைக்குக் கொள்முதலில் ஏறுகிறது. அதை விற்ற பணத்தில் ஒரு பகுதி கணக்குக்கே வருவதில்லை. அப்புறம் லாபம் எப்படி நிற்கும்? பாவம், அந்தச் செயலி இருப்பதை வைத்துச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஏற்றாத பணம் அதற்கு எப்படித் தெரியும்?

இதில் வரிச் சிக்கலும் இருக்கிறது. 200 ரூபாய்க்குக் குறைந்த சில்லறை விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால், தனித்தனி பில் போடாமல் நாள் முடிவில் மொத்தமாக ஒரே பில் போட ஜிஎஸ்டியில் இடம் உண்டு. அந்த பில்லில் வர வேண்டியது அன்று விற்றது. கல்லாவில் மிஞ்சியது இல்லை.

'யார் திருடுகிறார்?' என்பது கணக்கிடம் கேட்கிற கேள்வியா? அது பஞ்சாயத்தில் கேட்பது. கணக்கிடம் பொருள், தேதி, அளவு சொல்லிக் கேட்க வேண்டும். 'ஏப்ரல் 1 அன்று துவரம்பருப்பு இருப்பு எத்தனை கிலோ? அன்றிலிருந்து செப்டம்பர் 30 வரை எத்தனை கிலோ வாங்கினோம்?' என்று கேளுங்கள். செப்டம்பர் 30 அன்று கடை அடைத்ததும் கடையிலும் குடோனிலும் இருப்பதை எடை போடுங்கள். முதல் இருப்பையும் வாங்கியதையும் கூட்டி, அதிலிருந்து இந்த எடையைக் கழித்தால் வருவதுதான் வெளியே போன பருப்பு. இப்படி நன்றாக ஓடும் பத்துச் சரக்கைப் பார்த்தாலே எவ்வளவு பணம் வந்திருக்க வேண்டும் என்பது பிடிபட்டுவிடும். அடுத்து, சித்தப்பா லீவில் இருந்த தேதிகளைக் கொடுத்து, அந்த நாட்களில் சராசரி ரொக்க விற்பனை எவ்வளவு, மற்ற நாட்களில் எவ்வளவு என்று கேளுங்கள். அவர் இல்லாத நாளிலும் இதே குறைதான் என்றால் என்ன சொல்வீர்கள்?

மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுவதாக இருந்தால் பண்டிகையைக் கவனியுங்கள். 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. அந்த இரண்டு நவம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வியாபாரம் படுத்துவிட்டது போலத்தான் தெரியும்.

இனி தங்கை விஷயம். 'நம் வீட்டுப் பணம்தானே' என்று உங்களுக்குத் தோன்றலாம். எந்த வீடு? அதில் பாதி அவள் வீடு. 1932ஆம் வருடத்துப் பங்குதாரர் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, லாபம் சம பங்கு. கடையை நடத்துகிறோம் என்பதற்காக ஒரு பங்குதாரருக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்திலும் ஐந்நூறு அவளுடையது. அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்று நம்பி இருக்கிற பெண்ணுக்கு வருடக் கடைசியில் குறைந்த லாபத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தெரியாமல்தான் செய்தீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் பிடிக்கவில்லை.

உழைப்புக்குச் சம்பளம் வேண்டுமா? நியாயம்தான். தங்கையிடம் வாய்விட்டுக் கேளுங்கள், ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மாதா மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எடுப்பது டேலியில் உங்கள் பேரில் டிராயிங்ஸாக, அதாவது சொந்தச் செலவுக்கு எடுத்த பணமாக ஏறட்டும். எடுப்பதை அப்போதே எழுதி வைக்கக் கல்லாவுக்குள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். இரவில் இருக்கும் பணம், அதோடு நீங்கள் எடுத்தது, கடைச் செலவுக்குக் கொடுத்தது எல்லாம் கூட்டி, காலையில் வைத்த சில்லறையைக் கழியுங்கள். அதுதான் அன்றைய ரொக்க விற்பனை.

பழைய மாதங்களுக்கு ஆடிட்டரை உட்கார வைத்து, உத்தேசமாக எடுத்த தொகையைச் சொல்லித் திருத்துங்கள். தங்கையும் கூட இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க அவளுக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது.

சித்தப்பாவை நிறுத்தும் பேச்சை இன்றோடு விடுங்கள். அவர் காதுக்கு இந்தச் சந்தேகம் ஏற்கெனவே எட்டியிருந்தால், கணக்கு முடியட்டும் என்று காத்திருக்காமல் நாளைக் காலை கடை திறப்பதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுங்கள்.