தலைசுற்றினால் அசையாமல் படுத்திருக்க வேண்டுமா? - பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

காலையில் படுக்கையில் வலது பக்கம் திரும்பினால் அறையே சுற்றுகிறது. ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். வீட்டில் பித்தம் என்கிறார்கள். மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிபிபிவி என்ற உள்காதுப் பிரச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உள்காதில் ஒரு சின்னப் பையில் ஒட்டியிருக்க வேண்டிய கால்சியம் துகள்கள் நழுவி, பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. தலை திரும்பும்போது துகள்கள் உருண்டு குழாயில் உள்ள திரவத்தைத் தள்ள, உடம்பே சுற்றுவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. துகள் அடங்கியதும் சுற்றலும் நிற்கிறது.

மாத்திரை குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. அதனால் முதலில் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை. உட்கார வைத்து, தலையை 45 டிகிரி திருப்பி, வேகமாக மல்லாக்கப் படுக்க வைத்து, தலை கட்டில் விளிம்புக்குக் கீழே சற்றுத் தொங்கும்படி பிடிப்போம். சில வினாடிகள் ஒன்றும் இருக்காது. அப்புறம் கருவிழி சுழன்று துடிக்க ஆரம்பிக்கும். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை அந்தத் துடிப்புதான் சொல்கிறது. அதற்கேற்ப, அமெரிக்க காது மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுவோம். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். சிலருக்குத் திரும்ப வரலாம். வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம்.

யூடியூபில் பார்த்து எப்லி முறையை நானே செய்யலாமா?

முதல் தடவை வேண்டாம். எந்தக் காது என்று தெரியாமல் செய்தால் பலனில்லை. எங்களிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்ட பிறகு வீட்டில் செய்யலாம், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். கழுத்தில் கடுமையான வலியோ, ரத்தக்குழாய் அடைப்போ இருந்தால் கட்டாயம் கேட்டுவிட்டுத்தான்.

சளிக் காய்ச்சலுக்குப் பிறகு மூன்று நாள் விடாமல் சுற்றியது. காது நரம்பு வீக்கம் என்றார்கள். இரண்டு மாதமாகியும் கடைத்தெருவில் நடந்தால் தள்ளுகிறது. பயத்தில் தினமும் தலைசுற்றல் மாத்திரை போடுகிறேன்.

முதல் சில நாட்களுக்கு மாத்திரை தேவைதான். ஆனால் சுற்றலை அடக்கும் சில மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால், ஒரு காது பழுதானதற்கு மூளை பழகிக்கொள்வது தாமதமாகும். எழுதித் தந்த மருத்துவரிடம் எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள்.

பயிற்சி இதுதான்: கை நீட்டி, கட்டைவிரலைக் கண் மட்டத்தில் பிடியுங்கள். நகத்தை விட்டுப் பார்வை நகராமல் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டுங்கள். நகம் மங்கத் தொடங்காத அளவு வேகம் போதும். ஒரு நிமிடம், தினமும் மூன்று நான்கு வேளை. லேசாகக் கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்பு இருந்தால்தான் மூளை கற்றுக்கொள்ளும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். உட்கார்ந்து பழகியபின் நின்று, அப்புறம் நடந்துகொண்டே. கடைத்தெருவையும் தவிர்க்காதீர்கள், கூட்டமில்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள்.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். தலைசுற்றலோடு பேச்சு குழறினால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கம் மரத்தால், திடீரென்று கடும் தலைவலி வந்தால், நிற்கவே முடியாவிட்டால் பயிற்சியெல்லாம் அப்புறம். உடனே 108ஐ அழையுங்கள், பக்கவாதமாக இருக்கலாம்.

கழுத்து எலும்பு தேய்மானத்தால்தான் தலைசுற்றல் என்று காலர் போட்டிருக்கிறேன்.

வயதானால் எக்ஸ்ரேயில் தேய்மானம் பெரும்பாலோருக்குத் தெரியும். அதுவே தலைசுற்றலுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. காதைச் சோதித்துவிட்டீர்களா? காலர் தலையசைவைத் தடுப்பதால் சரியாக வேண்டியதும் தள்ளிப்போகும்.

அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. சுற்றல் இல்லை, ஆனால் நடையில் தள்ளாட்டம். இரவில் பாத்ரூம் போகும்போது ஒருமுறை விழுந்துவிட்டார்.

கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி, இந்த மூன்றையும் நம்பித்தான் நிற்கிறோம். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால், இருட்டில் கண்ணும் உதவாமல் போகிறது. பாதத்தையும், எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குகிறதா என்பதையும் மருத்துவரிடம் பாருங்கள். கட்டிலை விட்டு எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பாத்ரூம் வழியில் இரவு விளக்கு, சுவரில் கைப்பிடி, வீட்டுக்குள் பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன் இன்னொன்றை ஒட்டி வைத்து நிற்பது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவது, இவ்விரண்டையும் தினமும் நீங்கள் பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.