வீடு அடுக்க காசு குடுத்து ஆள் பிடிக்கலாமா?

வணக்கம் அண்ணா,

உங்கட பக்கத்த கொஞ்சக் காலமா வாசிச்சுக்கொண்டு வாறன், இப்பதான் முதல்தரம் எழுதுறன். நாங்க திருகோணமலை உவர்மலையில அப்பாட வீட்டிலதான் இருக்கிறம், நானும் இவரும் பிள்ளையளும் அம்மாவும். அப்பா கச்சேரியில (அரசாங்க அதிபர் கந்தோரில) வேலை செஞ்சவர், இப்ப உயிரோட இல்ல. வீடு பெரிசுதான், ஆனா உள்ளுக்க நடக்க இடமில்ல. ஒரு அறை முழுக்க அண்ணாமாரிண்ட பெட்டியள், ஒருத்தர் டொரொண்டோ மற்றவர் லண்டன், போய் எவ்வளவு காலம், பள்ளிக்கூடக் கொப்பி கூட அப்பிடியே கிடக்கு. அம்மா ஒண்டையும் எறிய விடமாட்டா. ஆகஸ்ட்ல டொரொண்டோப் பெரியண்ணா குடும்பத்தோட வாறார், அண்ணி இந்த வீட்டப் பாத்து என்ன நினைப்பாவோ எண்டு எனக்கு இப்பவே ஒரு மாதிரி இருக்கு. கொழும்பில ஒரு பிள்ளை ஹோம் ஓர்கனைசர், அதாவது காசுக்கு வீடு அடுக்கித் தாற ஆள் எண்டு இன்ஸ்டாகிராம்ல போடுறா, கேட்டுப் பாத்தன், நாளுக்கு 30,000 ரூபா, மூண்டு நாள் வேணுமாம், வந்து தங்குற செலவும் நாங்கதான். பெரியண்ணா தான் கட்டுறன் எண்டுறார். இவர் விசர் வேலை எண்டுறார். அம்மாட்ட இன்னும் சொல்லேல்ல. இது பிரயோசனமான வேலையா அண்ணா? வாற கிழமை அந்தப் பிள்ளைக்கு பதில் சொல்லோணும்.

உவர்மலை வாசகி

அன்புள்ள தங்கச்சி,

வேணாம். அதாவது உங்கட வீட்டுக்கு இந்த மூண்டு நாள் பக்கேஜ் வேணாம். ஆனா உங்கட இவர் சொல்ற காரணத்துக்காக இல்ல, அத முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மற்றதுக்கு வருவன்.

விசர் வேலை எண்டு சொல்ற அதே மனுசன் மதிலுக்கு பெயின்ட் அடிக்க ஒரு பாஸ் (மேசன்) பிடிச்சா நாள்கூலியும் குடுத்து பத்து மணிக்கு பிளேன்டீயும் குடுப்பார், அது விசர் வேலை இல்ல. வீட்டுக்குள்ள சாமான் பிரிக்கிறது, அடுக்கிறது, எது எங்க கிடக்குது எண்டு தலைக்குள்ள வச்சுக்கொண்டு திரியுறது, இது மட்டும் பொம்பிளையள் சும்மா செய்யோணும், காசு குடுத்தா ஆடம்பரம். இந்த ஞாயம் எனக்கு ஒருநாளும் விளங்கினதில்ல. இந்த வேலைக்கு காசு குடுக்கிறது பிழையே இல்ல, எதுக்குக் குடுக்கிறம் எண்டு தெரிஞ்சு குடுக்கோணும், அவ்வளவுதான்.

இன்ஸ்டாவில காட்டுறது என்ன, கண்ணாடிப் போத்தல்ல பருப்பு, ஒரே கலர்ல கூடை, வடிவான லேபிள். அது கடைசி அரை மணித்தியால வேலை. அதுக்கு முன்னுக்கு நடக்கிறத ஒருத்தரும் வீடியோ எடுக்கிறதில்ல ஏனெண்டா பாக்க ஒண்டும் இல்ல, ஒரு அலுமாரித் தட்ட முழுசா நிலத்தில கொட்டி, ஒரே மாதிரிச் சாமான ஒண்டாச் சேத்து, இது வச்சிருக்கவா, ஆருக்கும் குடுக்கவா, எறியவா எண்டு ஒவ்வொண்டாத் தூக்கித் தூக்கி கேக்கிறதுதான். நல்ல ஓர்கனைசர் தானா ஒண்டையும் எறியமாட்டா, வீட்டுக்காரர்தான் முடிவெடுக்கோணும். ஆக நீங்க காசு குடுக்கிறது அலுக்காமப் பக்கத்தில நிண்டு கேக்கிற ஒரு வெளியாளுக்குத்தான். அமெரிக்காவில இது பழைய தொழில், அவங்கட சங்கம் 1985ல தொடங்கினது, இங்கிலாந்தில 2004ல ஒண்டு வந்தது. சங்கம் இருக்கே ஒழிய லைசன்ஸ் எண்டு ஒண்டு அங்கயும் இல்ல, ஆரும் நாளைக்கே போர்ட் போட்டுத் தொடங்கலாம்.

அந்த வெளியாளுக்கு ஒரு பெறுமதி இருக்கத்தான் செய்யுது. லண்டன்ல என்ட மச்சாள் ஒருத்தி இப்பிடி ஒரு ஆளப் பிடிச்சவ, வெள்ளைக்காரப் பொம்பிளை, முதல்நாள் குசினி மட்டும்தான். கீழ் கபேட்ட வெறுமையாக்கேக்க இடியப்ப உரல் மட்டும் ஆறு வந்திருக்கு. மரத்தில ஒண்டு, பித்தளையில ஒண்டு, மிச்சம் அலுமினியமும் ஸ்டீலும், போற வாற ஆக்கள் கொண்டுபோய்க் குடுத்தது. அந்தப் பொம்பிளைக்கு இது என்னெண்டே தெரியாது. இது எதுக்கு, இது எதுக்கு எண்டு ஒவ்வொண்டாக் கேக்க இவ மா பிழியுறதுக்கு, இதுவும் மா பிழியுறதுக்கு எண்டு இங்கிலீசில சொல்லிக்கொண்டு வந்து நாலாவதில தானே சிரிச்சுப்போட்டாவாம். அந்தப் பித்தளைய வச்சுக்கொண்டு மிச்சத்தக் குடுத்திட்டா. இதே கேள்விய மாமி கேட்டிருந்தா அண்டைக்குச் சண்டை, புருசன் கேட்டிருந்தா ரெண்டு நாள் பேச்சில்ல. வெளியாள் கேக்கேக்க கோவம் வராது, அதுக்குத்தான் காசு.

ஆனா ஒண்டக் கவனியுங்கோ, அந்த ஆறு உரலும் மச்சாளிண்ட. அவ அங்க நிண்டா, அவ முடிவெடுத்தா, முடிஞ்சுது. உங்கட வீட்டில என்ன நடக்கும்? அந்தப் பிள்ளை கொழும்பில இருந்து வந்து அண்ணாட பெட்டியத் திறந்து இது வேணுமா எண்டு கேக்கும், நீங்க தெரியாது அண்ணாட்டக் கேக்கோணும் எண்டுவீங்க. அப்பாட மேசை லாச்சியத் திறந்தா அம்மாட்டக் கேக்கோணும் எண்டுவீங்க, அம்மா தொடாத எண்டுவா. மூண்டு நாளும் கேக்கோணும் கேக்கோணும் எண்டே போயிடும், கடைசியில அவ என்ன செய்வா, பாவம், பழைய கார்ட்போட் பெட்டியில இருந்த அதே சாமான புதுப் பிளாஸ்டிக் பெட்டியில போட்டு லேபிள் ஒட்டிப்போட்டுப் போவா. 90,000 ரூபாக்கு லேபிள்.

அம்மாட விசயத்துக்கு வாறன். நீங்க எழுதினதில எனக்கு உறுத்தின வசனம் "ஒண்டையும் எறிய விடமாட்டா" எண்டதுதான். எங்கட ஊர்ல அந்த வயசில இருக்கிறவையப் பற்றி இத அப்பிடி லேசாச் சொல்லேலாது. 1990ல சண்டைக்குள்ள ஒரு உடுப்புப் பேக்கோட வெளிக்கிட்டு முகாமிலயும் வள்ளத்திலயும் போன சனம், திரும்பி வந்து பாத்தா கதவு நிலை கூட இல்ல. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி, கரையோரத்தில வீடும் போச்சு காணி உறுதியும் போச்சு. என்ட பெரியம்மா பாலையூற்றில இருந்தவ, அவவிட்ட ஒரு நீலப் பிஸ்கட் டின் இருந்தது. மேல ரப்பர் பாண்ட் உருகி ஒட்டின காணி உறுதிப் பிரதி, அதுக்குக் கீழ பழைய கூப்பன் புத்தகம், பெரியப்பாட கிளினிக் கொப்பி, முகாம்ல குடுத்த நிவாரண அட்டை, ஜீஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) எடுத்த கடிதம், அதுக்கும் அடியில எந்தக் காலத்திலயோ கட்டின கரண்ட் பில்லுகள் ஒரு கட்டு. இந்த பில் எதுக்குப் பெரியம்மா எண்டு கேட்டன். நாங்க அந்த வீட்டில இருந்தம் எண்டதுக்கு வேற என்ன மோன ஆதாரம் எண்டா. எனக்கு அதுக்கு மேல கேக்க வாய் வரேல்ல.

ஜப்பான்கார மரி கொண்டோ 2019ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்து உலகத்தையே உடுப்பு மடிக்க வச்சவ, ஒரு சாமானக் கையில எடுத்தா மனசுக்குள்ள சந்தோசம் வருதா எண்டு பாத்து வச்சிருக்கச் சொல்லுவா. நிவாரண அட்டையக் கையில எடுத்து ஆருக்குச் சந்தோசம் வரும், ஆனா அது வேணும். (அவவே மூண்டாவது பிள்ளைக்குப் பிறகு வீட்ட அப்பிடி ஒழுங்கா வச்சிருக்கிறதக் கிட்டத்தட்டக் கைவிட்டிட்டன் எண்டு 2023ல சொன்னவ, அதுக்காகவே எனக்கு அவவப் பிடிக்கும்.) அவட முறையில ஒரு விசயம் மட்டும் நல்லம், அந்த வரிசை. உடுப்பில தொடங்கி, புத்தகம், கடதாசி, சில்லறைச் சாமான், மனசோட ஒட்டின சாமான் எல்லாத்துக்கும் கடைசியில. நாங்க என்ன செய்யுறம், எடுத்த எடுப்பில அப்பாட லாச்சியில கை வைக்கிறம், பத்து நிமிசத்தில அழுகை, பிறகு ரெண்டு வருசத்துக்கு அந்தப் பக்கம் போறதில்ல.

இன்னொண்டு, வச்சிருந்தவைதான் கடைசியில கெட்டிக்காரர் எண்டு 2022 பொருளாதார நெருக்கடி காட்டிப்போட்டுது. பெற்றோலுக்கு நாள்க்கணக்கா லைன்ல நிண்ட நேரம் பின்பத்தியில கிடந்த துருப்பிடிச்ச சைக்கிளுக்கு ரியூப் மாத்தி ஓடினவை எத்தினை பேர், கேஸ் இல்லாம விறகடுப்புக்குப் போகேக்க பழைய மண்சட்டியத் தேடினவை எத்தினை பேர். அதனால அம்மா எறிய விடாதது ஒரு வருத்தம் எண்டு நினைக்காதீங்க. வருத்தமா இருக்கிற ஆக்களும் இருக்கினம்தான், 2013ல இருந்து டொக்டர்மாரிண்ட கையேட்டில அது தனி நோயாவே இருக்கு, படுக்கிற கட்டில்ல படுக்கேலாம, அடுப்படியில சமைக்கேலாம அளவுக்குக் குவிஞ்சு, ஒண்டத் தொட்டாலே ஆள் பதறிப்போற நிலைமை. அப்பிடி எண்டா ஓர்கனைசர் காணாது, மனநல டொக்டரிட்டப் போகோணும். நீங்க எழுதினதில அப்பிடி எனக்குத் தெரியேல்ல, உங்கட வீட்டில பிரச்சினை அம்மா இல்ல, அண்ணாமார்.

ஓம், அண்ணாமார்தான். டொரொண்டோவில இருந்துகொண்டு காசு தாறன் எண்டு சொல்றது லேசு, என்ட கொப்பிய எறி எண்டு வாயால சொல்றதுதான் கஸ்டம். அவர் கட்டவேண்டியது காசில்ல, ஒரு மணித்தியாலம். விடியோ கோல்ல அவரை வச்சுக்கொண்டு பெட்டியத் திறவுங்கோ, அவரே பாத்துச் சொல்லட்டும். வேணும் எண்டு சொல்றத ஒரு பெட்டிக்குள்ள போட்டு ஆகஸ்ட்ல போகேக்க கொண்டுபோகச் சொல்லுங்கோ, லக்கேஜ் கிலோக் கணக்குப் பாக்கேக்க முக்கால்வாசி தானாக் குறையும். லண்டன்காரரையும் அப்பிடியே.

மிச்ச வேலைக்குக் கட்டாயம் ஆள் பிடியுங்கோ, ஊருக்குள்ள. பாரம் தூக்க ஒரு பெடியன், எழுதி ஒட்டவும் நிதானமாக் கேக்கவும் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடிச்சுப்போட்டு நிக்கிற ஒரு பிள்ளை, சொந்தக்காரப் பிள்ளை எண்டாலும் சும்மா செய்யவைக்காம நாள்க்கணக்குக்குக் காசு குடுங்கோ. கொழும்பில இருந்து 260 கிலோமீற்றர் வாற ஆளுக்கு இந்த ஊர்ல பழைய இரும்பு எடுக்கிறவர் எந்த நாள் வருவார், நல்ல சீலைய ஆரிட்டக் குடுக்கலாம், புத்தகக்கட்ட ஆர் எடுப்பினம் எண்டு ஒண்டும் தெரியாது. சாமான் வீட்ட விட்டு வெளிய போறதுதான் வேலையில பாதி, பட்டா (சின்ன லொறி) ஒண்டு பிடிச்சு அண்டைக்கண்டைக்கே அனுப்பிப்போடோணும், கேற்றடியில வச்சா அம்மா இரவில ஒவ்வொண்டா உள்ள கொண்டுவந்திடுவா.

தொடங்கிறது வளவில இருந்து தொடங்குங்கோ, அறையில இல்ல. கவிழ்க்காத வாளி, யோகட் சட்டி, டயர், சிரட்டை, இதுக்கு அம்மாவும் ஒண்டும் சொல்லமாட்டா, 2017ல கிண்ணியாவில டெங்கு அடிச்ச அடி அவவுக்கும் ஞாபகம் இருக்கும், பீஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா உங்கட பிள்ளைக்குத்தான் வழக்கு எண்டு ஒரு சொல் சொன்னாக் காணும். பிறகு குசினி, பிறகு உடுப்பு. கடதாசிக்கு அம்மாவப் பக்கத்தில கதிரை போட்டு இருத்துங்கோ, எறியுறதப் பற்றிக் கதைக்கவே வேணாம், எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து அண்ணாமாருக்கும் அனுப்பி வச்சிட்டு ஒரிஜினல அவவிண்ட கையில குடுங்கோ. பிறப்புப் பதிவு பிரதி பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில விண்ணப்பிச்சு எடுக்கலாம், உறுதிக்கு காணிப் பதிவகம் இருக்கு, ஆனா இத அவவிட்ட வாதாடிக்கொண்டு நிக்காதீங்க.

ஓர்கனைசர் ஆருக்குத்தான் பிரயோசனம் எண்டா, வீடு மாறுறவைக்கு, தனிய இருக்கிற வயசாளியளுக்கு, ஒப்பரேஷன் முடிஞ்சு குனிய ஏலாதவைக்கு, சாமான் எல்லாம் தன்டதாவே இருந்தும் தொடங்க மனம் வராதவைக்கு. அதுக்குப் பிறகும் நீங்க அந்தப் பிள்ளையத்தான் கூப்பிடுறது எண்டா மூண்டு நாளா எடுக்காதீங்க, ஒரு நாள், குசினி மட்டும், பிறகு பாப்பம் எண்டு சொல்லுங்கோ. நகையப் பாங்கில வச்சிட்டுக் கூப்பிடுங்கோ. வீட்டுக்குள்ள எடுக்கிற படம் இன்ஸ்டாவில போகக்கூடாது எண்டு எழுத்தில வாங்குங்கோ, உவர்மலை வீட்ட விறாந்தையப் பாத்தே ஆர்ர வீடு எண்டு சொல்ற ஊர் இது. முக்கியமா அம்மாட்டச் சொல்லாமக் கூப்பிடவே கூப்பிடாதீங்க. அவவிண்ட அலுமாரிய ஒரு வேத்தாள் திறந்து நிக்கிறத அவ வந்து பாக்கிற மாதிரி வைக்காதீங்க.

பெட்டி கிட்டி ஒண்டும் இப்ப வாங்காதீங்க. எல்லாம் குறைஞ்சு முடிய எவ்வளவு மிச்சம் எண்டு பாத்து அளவெடுத்து வாங்கினாக் காணும். கார்ட்போட் வேணாம், சுவரோட முட்டி நிலத்தில வச்சாக் கறையான் அடியால ஏறி உள்ள முடிச்சபிறகுதான் தெரியும், எங்கட ஊர் உப்புக்காத்துக்குத் தகரப்பெட்டியும் சரிவராது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் நல்லம்தான், ஆனா மாரியில ஈரத்தோட மூடினா சீலை பூஞ்சணம் பிடிச்சுப்போகும், இப்ப கச்சான் அடிக்கிற நாள்ல நல்லாக் காயவச்சு எடுத்து அடுக்குங்கோ. அண்ணாவோட கோலுக்கு ஞாயிற்றுக்கிழமையப் போடுங்கோ, டொரொண்டோவில காலமை ஒம்பது மணி எண்டா இங்க பின்னேரம் ஆறரை, அண்ணியையும் பக்கத்தில இருத்தச் சொல்லுங்கோ. வீடு எப்பிடிக் கிடக்கு எண்டு அவ இப்பவே பாத்திட்டா ஆகஸ்ட்ல உங்களுக்கு அந்தப் பயமும் இல்ல.