ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் டிஸ்பென்சரிச் சீட்டு

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் 11 வருடமாக நிரந்தர வேலை. சம்பளம் 18,200 ரூபாய், ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இரண்டு வருடமாகத் தினமும் குடிக்கிறார். குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை. ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்கிறார். இந்த மாதம் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கை முடித்துத் தருவதாக ஹெச்.ஆரில் சொல்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், வீட்டுக்கே வேன் வந்து ஆளை ஏற்றிக்கொண்டுபோய் மூன்று மாதம் வைத்திருக்கும் மையம் ஒன்று இருக்கிறது, 45,000 ரூபாய் ஆகும் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. ‘இருந்து என்ன’ என்ற பேச்சைப் புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்நேரமும் தமிழில் பேசலாம்.

‘நாளையிலிருந்து ஒரு சொட்டு கூடாது’ என்று வீட்டில் சத்தியம் வாங்காதீர்கள். தினமும் குடித்துக் கை நடுங்குகிற அளவுக்கு வந்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாத குழப்பமும், இல்லாதது கண்ணில் தெரிவதும் வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்; பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பக்கத்து கிளினிக்கில் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்’ என்பதும் வேண்டாம். நாள்பட்ட குடியில் பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கும் குடிநிறுத்தப் பொடியும் அப்படித்தான். குடியோடு சேராத டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்த பொடியாக இருந்து அதன் மேல் அவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

இனி வேலை. ஹெச்.ஆர். ஏன் ராஜினாமா கேட்கிறார்? வேலையை விட்டு நீக்க வேண்டுமென்றால் விளக்கம் கேட்க வேண்டும், குற்றப்பத்திரிகை கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். ராஜினாமா வந்தால் அத்தனையும் மிச்சம். 11 வருடச் சர்வீசுக்கான கிராஜுவிட்டி அவருடைய பணம். இப்போது கையெழுத்துப் போட்டால்தான் வரும் என்பது பொய். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாரா? கம்பெனி ஏற்றுக்கொள்வதற்குள் ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை போவது பெரும்பாலும் குடியால் அல்ல, காகிதம் இல்லாத நாட்களால். பல கம்பெனிகளின் நிலையாணையில் (வேலை விதிகளில்), சொல்லாமல் பத்து நாளுக்கு மேல் வராமல் இருப்பதே தண்டனைக்குரிய தவறு. உங்கள் வீட்டில் ஆறு ஆகிவிட்டது. ஆகவே நாளைக் காலையே ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, நகலைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். அது முடியும் நாளிலேயே அடுத்த சான்றிதழ். நடுவில் ஒரு நாள் கூட விடுபடக் கூடாது. அங்கிருந்து மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். ‘டாக்டர் லீவு, வியாழக்கிழமை வாங்க’ என்பார்கள். நடுங்கும் கையோடு ஒருவரை ஒரு சீட்டுக்காக நான்கு முறை அலையவிட்டுவிட்டு, ‘நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதும் அமைப்பு இது. அப்படி அலைய முடியாத நிலை என்றால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போங்கள்.

ஈ.எஸ்.ஐ. தரும் நோய்க்காலப் பணம் நாள் சம்பளத்தில் 70 சதவீதம்: நாளுக்கு 700 ரூபாய் என்றால் 490. வருடத்தில் அதிகபட்சம் 91 நாள். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்குரிய ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா (சம்பளத்தில் பிடிக்கும் ஈ.எஸ்.ஐ. தொகை) கட்டியிருக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 91 நாளும் தீர்ந்த பிறகு, குறிப்பிட்ட 34 நோய்களுக்கு 80 சதவீதம் வீதத்தில் இரண்டு வருடம் வரை நீட்டிக்கப்பட்ட பணம் உண்டு. மனச்சிதைவு, இருமுனை மனநோய், கடுமையான மனச்சோர்வின் ஒரு வகை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குடிநோய் மட்டும் என்றால் இல்லை. இரண்டு வருடத் தொடர் வேலையும், நான்கு சந்தா காலங்களில் சேர்த்து 156 நாள் சந்தாவும் வேண்டும். உங்கள் கணவருக்கு இருக்கும். அவருடைய சோர்வு குடியால் வந்ததா, தனி நோயா என்பதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது யாராலும் சொல்ல முடியாது. குடியால் வந்த சோர்வு, நிறுத்திய சில வாரத்தில் பெரும்பாலும் தானே இறங்கும். எனவே நிறுத்தி மூன்று, நான்கு வாரம் கழித்து மனநல மருத்துவரிடம் மறுபடி காட்டி, அவர் கண்டதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். இங்கேதான் ஒரு கண்ணி. மானம் போகக் கூடாதே என்று ‘காய்ச்சல், உடல்வலி’ என்று எழுதிக் கொடுக்கும் இரக்கமுள்ள டாக்டர்கள் உண்டு. காய்ச்சலுக்கு நீட்டிப்பு கிடையாது. பின்னால் மனச்சோர்வு என்று கேட்டால் பழைய சீட்டுகளே எதிர்சாட்சி. இல்லாத நோயை எழுதச் சொல்லாதீர்கள், இருப்பதை மறைக்கவும் சொல்லாதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இன்படி அவர் சிகிச்சை விவரம் ரகசியம். ஹெச்.ஆரிலிருந்து போன் போட்டுக் கேட்டாலும் டாக்டர் சொல்லக் கூடாது.

அடுத்து அந்த வேன். ஆளைப் பிடித்துக் கொடுத்தால் இடைத்தரகருக்குக் கமிஷன் போகிறது, உங்கள் 45,000-இலிருந்துதான். அதே சட்டப்படி அவர் சம்மதமில்லாமல் சேர்க்க, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியே பார்த்துச் சான்று தர வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். அதற்கு மேலே போனால் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். ‘மூன்று மாத பேக்கேஜ்’ என்று எடுத்த எடுப்பில் பேசுபவருக்குச் சட்டம் தெரியாது, அல்லது தெரிந்தே மீறுகிறார். எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள். இரவில் யார் டாக்டர், வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவார்கள், முதல் வாரத்திலேயே நீங்கள் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். ‘ஒரு மாதம் குடும்பம் வரக் கூடாது’ என்றால் அங்கே விடாதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவே போதும். போதை மீட்பு உதவிக்கு 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

வேலைக்குத் திரும்பும் நாளில் வெறும் ‘ஃபிட்’ என்ற சான்றிதழோடு அனுப்பாதீர்கள். மாத்திரை மயக்கம் தருமானால் பிரஸ் மிஷினில் விரல் போகும். நைட் ஷிப்டில் தூக்கம் கெட்டால் பழையபடி பாட்டிலைத் தேடத் தோன்றும். ‘இத்தனை வாரம் பகல் ஷிப்ட் மட்டும், பிரஸ் மிஷின் வேண்டாம்’ என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். அதைக் கம்பெனியில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.