பீரியடை லைப்ரேரியன்கிட்ட விட்டுட்டு போயிடலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். ஈரோடு பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல காமர்ஸ் எடுக்கறேன். ஃபைனல் இயர் 58 பேருக்கும் ப்ராஜெக்ட் உண்டு. போன வருஷம் ஒரு பையன் குடுத்த ரெஃபரன்ஸ்ல 12 பேப்பர் இருந்துச்சு, தேடிப் பார்த்தா 7 பேப்பர் உலகத்துலயே இல்ல, ஏஐ-கிட்ட கேட்டு அப்படியே ஒட்டியிருக்கான். எங்க லைப்ரேரியன் சார்கிட்ட ரெண்டு பீரியட் குடுத்து இதெல்லாம் சொல்லித் தர சொல்லலாமா? புக் பாக்கி எதுவும் இல்லைன்னு நோ ட்யூஸ் கையெழுத்து வாங்கினதை தவிர அவர்கிட்ட நான் பேசினதே இல்ல. - பேர் வேண்டாம்

பதில்: நோ ட்யூஸ்னு படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு மேடம். நானும் காலேஜ் லைப்ரரில 25 வருஷம் ஓட்டினவதான், சில ஸ்டாஃப் முகத்தை அவங்க வேலையை விட்டு போற அன்னைக்குதான் முதல் தடவையா பார்த்திருக்கேன்.

பீரியட் தாராளமா குடுங்க. ஆனா குடுத்துட்டு ஸ்டாஃப் ரூமுக்கு போயிடாதீங்க, நீங்க வெளிய போன நிமிஷமே இதுக்கு மார்க் கிடையாதுன்னு பசங்களுக்கு புரிஞ்சிடும், அப்புறம் யாரு கேப்பா. அதே மாதிரி ஜூன்ல வரிசையா கூட்டிட்டு போய் ரேக்கை காட்டி, நாக் (காலேஜுக்கு கிரேடு போடற அமைப்பு) ஃபைலுக்கு ரெண்டு போட்டோ எடுத்துக்கற ஓரியன்டேஷனால எந்த பிரயோஜனமும் இல்ல (நானே வருஷா வருஷம் நடத்தியிருக்கேன், அந்த பாவம் எனக்கும் உண்டு). கையில டாபிக் இல்லாத புள்ளைக்கு தேடுறது எப்படின்னு சொன்னா ஏறாது. டாபிக் முடிவாகி, முன்னாடி யார் என்ன எழுதியிருக்காங்கன்னு சொல்ற ரிவ்யூ சாப்டரை எழுத உக்காரதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு வாரம்தான் சரியான நேரம்.

உங்க ஊர் பக்கத்து உதாரணமே சொல்றேன். ஒரு பொண்ணு திருப்பூர் பனியன் கம்பெனி பத்தி ப்ராஜெக்ட் பண்றான்னு வைங்க. இங்கிலீஷ்ல திருப்பூரை ஒரு பி போட்டும் எழுதறாங்க ரெண்டு பி போட்டும் எழுதறாங்க, ஒண்ணை மட்டும் தேடினா மத்ததுல எழுதின பேப்பர் நிறைய கண்ணுலயே படாது. பனியன்னு யாரும் பேப்பர் எழுத மாட்டாங்க, நிட்வேர், ஹோசியரி, கார்மென்ட்னு ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. இதை பிடிக்கறது லைப்ரேரியனுக்கு கை வந்த வேலை. ஆனா வந்து நிக்கற 40 பேப்பர்ல எது உருப்படி எது சும்மா பிரமோஷனுக்கு எழுதினதுன்னு நீங்கதான் சொல்லணும். நீங்க ரெண்டு பேரும் பசங்க முன்னாடியே ஸ்க்ரீன்ல தேடி, இது வேணாம் அதை பாருங்கன்னு பேசிக்கறதை அவங்க பார்க்கறாங்க பாருங்க, அதுதான் பாடம்.

பொய் ரெஃபரன்ஸுக்கு நான் ஒரு விளையாட்டு வச்சிருந்தேன். 5 ரெஃபரன்ஸ் அடிச்சு குடுப்பேன், அதுல 2 போலி, எதுன்னு 15 நிமிஷத்துல கண்டுபிடிங்கம்பேன். தலைப்பை மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள் ஸ்காலர்ல தேடணும், டிஓஐ நம்பர் (ஒவ்வொரு பேப்பருக்கும் தனியா குடுக்கற அடையாள நம்பர்) இருந்தா அது உண்மையிலயே அந்த பேப்பருக்குத்தான் போகுதான்னு பார்க்கணும், அவ்வளவுதான். ஒரு தடவை கையும் களவுமா பிடிச்ச பையன் அடுத்து தன்னோடதை தானே செக் பண்ணுவான். கூடவே எந்த வார்த்தை போட்டு எங்க தேடினேன், எதை ஏன் ஒதுக்கினேன்னு ஒரு பக்கம் எழுதி வாங்கி, இன்டர்னல்ல 5 மார்க் அதுக்கு வச்சிடுங்க.

காலேஜ்களுக்கு ஆன்லைன்ல ஜர்னலும் புக்கும் குடுக்கற என்-லிஸ்ட் திட்டத்துல உங்க காலேஜ் இருக்கான்னு சார்கிட்ட கேளுங்க, இருந்தா பசங்களுக்கும் லாகின் போட்டு தருவார், வீட்டுல இருந்தே ஜர்னல் படிக்கலாம். இந்திய யுனிவர்சிட்டி தீசிஸ்களை சேர்த்து வைக்கற சோத்கங்கா வெப்சைட்ல பிஎச்.டி தீசிஸ் இலவசமா படிக்கலாம், ஆனா அங்க இருந்து சாப்டரை தூக்கறதுக்கு இல்ல, பின்னாடி இருக்கற ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை பிடிச்சுட்டு போறதுக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க.

சார் கொஞ்சம் தயங்கலாம். ஒரு அட்டெண்டரை வச்சுக்கிட்டு ஸ்டாக் வெரிஃபிகேஷன் பண்ற மனுஷனுக்கு 58 பேர்னா மலைப்பா இருக்கும், நம்மள யாரு மதிக்கறாங்கன்னு ஒரு வருத்தமும் இருக்கும். நம்ம நாட்டு லைப்ரரி துறைக்கே தந்தைன்னு சொல்ற எஸ்.ஆர்.ரங்கநாதனே கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு வந்தவர்தானே, இதுல என்ன வாத்தியார் பக்கம், லைப்ரேரியன் பக்கம். அவரைப் பார்க்க போகும்போது ப்ராஜெக்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட்டை எடுத்துட்டு போங்க, பசங்களுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி. அவர் அடிச்சு திருத்த ஓரத்துல இடம் விட்டு ப்ரிண்ட் போட்டுக்கோங்க.