அப்பாவின் பழைய கேசட்களின் அட்டையில் பேனாவால் பாட்டுப் பட்டியல் எழுதியிருக்கிறது. அந்தப் பாட்டெல்லாம் ஆப்பிலேயே இருக்கிறது. அவற்றை மெனக்கெட்டு டிஜிட்டலாக மாற்ற வேண்டுமா?

இசை நிறுவனமே பதிந்து விற்ற கம்பெனி கேசட் என்றால் வேண்டாம். ரெகார்டிங் கடையில் பதிந்தது என்றால் கட்டாயம் வேண்டும். அட்டையில் பேனாவால் பாட்டுப் பட்டியல் எழுதியிருப்பதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். ஆக, உங்கள் அப்பாவுடையது இரண்டாவது ரகம்.

"அந்தப் பட்டியலை அப்படியே பிளேலிஸ்டாகப் போட்டால் முடிந்தது" என்று கமெண்டில் நாலு பேர் வருவார்கள், தெரியும். 80களின் இளவட்டத்துக்குக் கேசட் பதிவது கணக்குப் போட்டுச் செய்கிற காரியம். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம், அதில் ஆறேழு பாட்டுதான் அடங்கும். எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது, எதற்குப் பின் எது என்று அடித்துத் திருத்தி எழுதிக் கடையில் கொடுப்பார்கள். கடைக்காரர் கைவசம் இல்லாத பாட்டுக்குப் பதிலாகத் தனக்குப் பிடித்த ஒன்றைச் சொருகிவிடுவார். ஈக்வலைசரில் பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றிவிடுவார். பக்கம் முடிகிற இடத்தில் கடைசிப் பாட்டு சரணத்தோடு அறுந்து நிற்கும். இதில் எதுவும் ஆப்பில் வராது. அதனால் பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே கோப்பு. அறுந்த பாட்டு அறுந்தபடியே இருக்கட்டும்.

முதல் வேலை, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெகார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. அடுத்து, கேசட்டை முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்க ஓட்டுங்கள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த நாடா இறுகிப்போயிருக்கும். அதை அப்படியே பிளேயில் போட்டால் இழுபட்டு ரோலரில் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் அது ஒட்டினால் அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். சத்தம் மந்தமாகி விட்டுவிட்டு வருகிறதா? நாடாவுக்குப் பின்னால் செப்புத் தகட்டில் ஒட்டிய சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்திருக்கும். பசை காய்ந்தால் அது விழத்தான் செய்யும். வேண்டாத கேசட் ஒன்றைத் திறந்து, அதிலுள்ளதைத் தகட்டோடு எடுத்து மாற்றிக்கொள்ளலாம். 5 ஸ்க்ரூ போட்ட கேசட் என்றால் சுலபம். ஒட்டிய மாடல் என்றால் விளிம்பில் பிளேடு வைத்துப் பொறுமையாகப் பிளக்க வேண்டும்.

பிளேயர் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இப்போது 'ரெட்ரோ' என்று இணையத்தில் விற்கும் யுஎஸ்பி கேசட் பிளேயர்கள் வெளித்தோற்றத்தில்தான் வேறு வேறு. ஏறக்குறைய எல்லாவற்றின் உள்ளேயும் ஒரே மலிவு மெக்கானிசம். பாட்டு ஆடும், இழுக்கும். பழைய கேசட் டெக் (பெரிய பிளேயர்) ஒன்றை வாங்கி பெல்ட் மாற்றுங்கள். ரப்பர் பெல்ட் இந்நேரம் கூழாகியிருக்கும். ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சி நனைத்துத் துடையுங்கள், குச்சியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை.

ஹெட்டுக்கு ஸ்பிரிங் போட்ட ஒரு ஸ்க்ரூ உண்டு. ஹெட் நாடாவுக்கு நேர்க்குத்தாக நிற்கும் கோணத்தை அதுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கடையின் மெஷினிலும் அந்தக் கோணம் இம்மி மாறியிருக்கும். அதனால்தான் ஒரு கேசட் பளிச்சென்றும் இன்னொன்று கம்பளி போர்த்தியது போலவும் கேட்கிறது. மோனோவில், அதாவது இடது வலது ஒலியை ஒன்றாக்கிக் கேட்டபடி, அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். சலங்கையும் 'ச'கரமும் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். இதை மென்பொருளில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஹெட்டிலேயே ஏறாத ட்ரெபிளை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்?

பதியும்போது லேப்டாப்பின் மைக் துளையில் செருகக் கூடாது. பல லேப்டாப்பில் அது மோனோ, சத்தத்தையும் கரகரவென்று கிழிக்கும். லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை ஆஃப் செய்யுங்கள். கடைப் பதிவுகள் பெரும்பாலும் டால்பி இல்லாதவை. ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் பாருங்கள். 60 நிமிட கேசட் சுமார் 1 ஜிபி வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக்கினால் ஏறத்தாழ பாதி. இரைச்சல் நீக்கும் வசதியைத் தொட வேண்டாம். 'உஸ்' சத்தத்தோடு வயலினின் மேல் ஸ்தாயியும் போய்விடும்.

பதிந்த பிறகு வேகத்தைச் சரிபாருங்கள். ஆப்பில் 5 நிமிடம் ஓடும் பாட்டு உங்கள் பதிவில் 4 நிமிடம் 51 நொடியில் முடிந்தால், 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. சுருதியும் அரை ஸ்வரத்தில் பாதி ஏறியிருக்கும். மென்பொருளில் 'ஸ்பீட்' மாற்றுங்கள், 'டெம்போ' அல்ல. டெம்போ சுருதியைத் தொடாது. எதிர்ப்பக்கத் தவறுக்கு, அதாவது மெதுவாக ஓடுவதற்கு, இன்றைய பிள்ளைகளிடம் ரசிகர்களே இருக்கிறார்கள். 'ஸ்லோட் ரிவெர்ப்' என்று பழைய பாட்டை இழுத்துவிட்டுக் கேட்கிறார்களே, அந்தப் பழக்கத்தின் வேரும் கேசட்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 90களில் டிஜே ஸ்க்ரூ என்ற இசைக் கலைஞர் பாட்டுகளை மெதுவாக்கிக் கேசட்டில் விற்றார். ஆகவே "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ரசனையே இல்லை" என்று தயவுசெய்து இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கேசட்டைவிட மோசமாகத் தொலைந்தது அதற்கு அடுத்த தலைமுறையின் பாட்டுகள். ரீசார்ஜ் கடையில் காசு கொடுத்து மெமரி கார்டில் ஏற்றியது, ப்ளூடூத்தில் நண்பனிடமிருந்து வாங்கியது எல்லாம் கார்டோடு போய்விட்டது. நாடாவாவது இறுகிக் கிடந்து பிழைக்கிறது. கார்டு செத்தால் செத்ததுதான். அப்படி ஒரு கார்டு உங்கள் டிராயரில் கிடந்தால், கேசட்டுக்கு முன் அதைக் காப்பி எடுங்கள். கோப்பின் பெயரில் ஏதோ வெப்சைட் பெயர் ஒட்டியிருக்கும். அழித்துவிடாதீர்கள், பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

பட்டியல் எழுதிய அட்டையையும் இருபுறமும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் போடுங்கள். கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி, நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கர் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறது. 120 நிமிட கேசட் கிடைத்தால் அதன் நாடா மிக மெல்லியது. கோணம், லெவல் எல்லாவற்றையும் வேறு கேசட்டில் பழகிவிட்டு, அதைக் கடைசியில் ஓட்டுங்கள்.