வேலையிடத்தில் மரியாதை: திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி பதில்

நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் அறை சுத்தம் செய்கிற பிரிவில் சேர்ந்து, கடைசியில் ஆளணிப் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பட்டதாரி, எட்டாம் வகுப்போடு நின்றவர் எல்லோரும் ஒரே சமையலறைக் கதவால் உள்ளே போய் வருகிற தொழில் அது. கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன், நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வளாகத்தில் படித்து முடித்து, உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் உதவி மனேஜராகச் சேர்ந்திருக்கிறேன். எனக்குக் கீழே இருப்பவர்களில் பாதிப்பேர் என் அப்பாவின் வயது. எப்படிக் கூப்பிடுவது, எப்படி வேலை சொல்வது?

கூப்பிடுவதை முதல் கிழமையிலேயே சரிப்படுத்துங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம். மூத்தவர்களை அண்ணை, அக்கா, ஐயா என்றே கூப்பிடலாம், அதனால் உங்கள் பதவிக்கு ஒன்றும் ஆகாது. கிண்ணியா, மூதூரில் இருந்து வருகிற முஸ்லிம்களை நானா, காக்கா என்று அவர்கள் வீட்டு வழக்கப்படி கூப்பிட்டால் முகமே மலரும். ஆனால் ‘நீங்கள்’ என்பது எல்லோருக்கும் பொது, தோட்டம் கூட்டுகிற பெடியனுக்கும் சேர்த்து. அவர்கள் உங்களை ‘சேர்’ என்றால் விட்டுவிடுங்கள். ‘சேர் என்று சொல்லாதீர்கள்’ என்று ஒவ்வொரு நாளும் மல்லுக்கட்டுகிற மனேஜர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் ஒரு கரைச்சல்தான்.

வேலை சொல்வதற்கு முன் கேளுங்கள். பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் அறையை விடுகிறார்கள், இரண்டு மணிக்குப் புது ஆட்கள் வருகிறார்கள் என்று வையுங்கள். இடையில் இருக்கிற இரண்டு மணித்தியாலத்தில் விரிப்பு முழுக்கக் கடற்கரை மணல், குளியலறை வடிகாலிலும் மணல். எந்த அறையை முதலில் எடுப்பது என்று கணினியைப் பார்த்து நீங்கள் சொல்லலாம். ஆனால் எந்த அறையில் சின்னப் பிள்ளைகள் தங்கினார்கள், எதில் ஏசி சொட்டுகிறது, எந்தக் கட்டிலுக்கு விரிப்பு இன்னும் சலவையிலிருந்து வரவில்லை என்பதெல்லாம் அந்த மாடியைப் பார்க்கிற மூத்தவருக்குத்தான் தெரியும். ‘அண்ணை, எதில் தொடங்குவம்?’ என்று கேட்டால் அரை மணித்தியாலம் மிச்சம்.

ஒரு கிழமை நீங்களும் அவரோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். விரிப்பின் மூலையை மடித்து மெத்தைக்கு அடியில் செருகிப் பாருங்கள். நீங்கள் மடித்ததை அவர் பேசாமல் பிரித்து, உள்ளங்கையால் ஒரு தரம் இழுத்துத் தடவி, மறுபடி மடிப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த மாதம் அதே ஆட்கள் ‘சேர், தண்ணி மோட்டர் சத்தம் வித்தியாசமாக் கிடக்கு’ என்று காலையிலேயே வந்து சொல்வார்கள். ஒரு மேலதிகாரியை நான் எடை போடுவது இதை வைத்துத்தான். கெட்ட செய்தி அவரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது? ஏசுகிற ஆளிடம் மோட்டர் எரிந்த பிறகுதான் வரும்.

கேள்வி: கிண்ணியாவில் கடை வைத்திருக்கிறேன். நான்கு பேர் வேலை செய்கிறார்கள். தன்மையாக நடந்தால் தலையில் ஏறுகிறார்கள். பிந்தி வருகிறார்கள், கேட்டால் சிரிக்கிறார்கள்.

தன்மைக்கும் கண்டிப்புக்கும் சண்டையில்லை. ‘எட்டு மணி என்றால் எட்டு மணி’ என்பதைக் குரலை உயர்த்தாமலும் சொல்லலாம். ஆனால் முதலில் நீங்கள் உங்கள் கணக்கைப் பாருங்கள். சம்பளம் சொன்ன திகதிக்குக் கையில் போகிறதா? ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்களுடைய 8 வீதத்தோடு உங்கள் 12 வீதத்தையும் சேர்த்துக் கட்டுகிறீர்களா? நம்பிக்கை நிதிக்கு 3 வீதம்? ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் இது கட்டாயம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வழமையான வேலை நேரம் கிழமைக்கு 45 மணித்தியாலம், அதற்கு மேல் நின்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு. சம்பளத்தைப் பத்து நாள் இழுத்துவிட்டு ‘தம்பி, வாப்பா எப்படி இருக்கிறார்?’ என்று அன்பாக விசாரிப்பது மரியாதைக் கணக்கில் சேராது.

இன்னொன்று. கல்லாவில் மச்சான் யாராவது இருக்கிறாரா? நான் கண்ட கடைகளில் பாதிப் பிரச்சினை அங்கேதான். மச்சான் ஒன்பதுக்கு வந்தால் சிரிப்பு, பெடியன் எட்டேகாலுக்கு வந்தால் ஏச்சு. பெடியன்கள் சிரிப்பது உங்கள் தன்மையைப் பார்த்து இல்லை, மச்சானைப் பார்த்து.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் சுத்தம் செய்ய வருகிற அம்மாவுக்குத் தனிக் கோப்பை. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் அது யன்னல் ஓரத்தில் தனியாகத்தான் இருக்கும். நான் புதிதாகச் சேர்ந்தவள். என்ன செய்யலாம்?

ஏன் தனி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். கூட்டம் கூட்டிப் பேசினால் அவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அது அவருக்கு இன்னொரு அவமானம். ஒரு ஆறு கோப்பை, எல்லாம் ஒரே மாதிரி, வாங்கிக்கொண்டு போய் வையுங்கள். பழையவற்றை எல்லாம் எடுத்துவிடுங்கள், யன்னல் ஓரத்தில் இருப்பதையும் சேர்த்து. பத்து மணித் தேத்தண்ணியை ஒருநாள் நீங்களே ஊற்றி, ஒரே தட்டில் அவருக்கும் கொடுங்கள். யாராவது முகம் சுளித்தால் அவரிடம் தனியாக, நேராகக் கேளுங்கள்: ‘ஏன், என்ன பிரச்சினை?’ காரணத்தை வாய்விட்டுச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருக்கும். கதிரை விஷயத்தையும் கவனியுங்கள். அந்த அம்மா படியில் இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறார் என்றால் கோப்பையை மாற்றியது காணாது.

கேள்வி: எங்கள் அரச அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் அரைகுறை. கூட்டத்தில் ஊமை போல இருக்க வேண்டியிருக்கிறது.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஆகவே தமிழில் எழுதுவதற்கும் கேட்பதற்கும் நீங்கள் யாரிடமும் தயவு கேட்கத் தேவையில்லை. 2007 யூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் மற்ற மொழியில் ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி எடுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையும் உண்டு. அது அவருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும்.

உரிமையைத் தெரிந்துகொண்டு, பிறகு நீங்களே முதல் அடி எடுத்து வையுங்கள். கூட்டத்துக்கு முந்திய நாள் உங்கள் விஷயத்தை இரண்டு மொழியிலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சிங்களம் பிழையாக இருந்தால் ‘திருத்தித் தாருங்கள்’ என்று கேளுங்கள். எங்கள் ஹோட்டலில் சமையலறைத் தலைவர் காலியிலிருந்து வந்தவர். வந்த புதிதில் மரக்கறிக்காரரிடம் ‘கத்தரிக்காய்’ என்று தடுமாறிக் கேட்கப் போய், எல்லோரும் சிரித்து, மனுசன் அடுத்த நாளும் அதே மாதிரிக் கேட்டார். ஒரு பருவம் முடிவதற்குள் விலை பேசி அடிபடுகிற அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் சிங்களம் அந்தளவுக்கு வரவில்லை என்பது வேறு கதை.

கேள்வி: நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறேன். சில விருந்தாளிகளும் அவர்களை அனுப்புகிற ஹோட்டல்காரரும் நாங்கள் சொல்வதைக் கணக்கெடுப்பதில்லை. ‘காசு தந்தால் ஓடு’ என்கிறார்கள்.

இதற்கு ஹோட்டல்காரர்தான் பதில் சொல்ல வேண்டும், ஆகையால் அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆடி ஆவணியில் காலைக் கடல் எண்ணெய் ஊற்றினது போலக் கிடக்கும். பகலுக்குப் பிறகு காற்று எழும்பினால் அதே கடல் வேறு. நான் இருந்த ஒரு இடத்தில் ஒருநாள் மூன்று மணிக்கு ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு, சுறாக்குட்டி பார்க்க இப்பவே போகவேண்டும் என்று நின்றது. படகுக்காரர் கரையில் நின்று தீவுப் பக்கம் பார்த்தார். வெள்ளை நுரை எங்கே உடைகிறது என்று பார்த்துவிட்டு, ‘இல்லை, நாளைக்குக் காலமை’ என்றார். அவ்வளவுதான். வரவேற்பில் நின்ற பெடியன் ‘அவர் சும்மா பஞ்சியில் சொல்கிறார்’ என்று வேறு படகு தேடப் போனான். மனேஜர் வந்து, விருந்தாளிகள் காது கேட்கவே சொன்னார்: ‘கடல் விஷயத்தில் இவர் சொல்வதுதான் எனக்கும் முடிவு.’ அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அந்தக் குடும்பம் போய்ச் சுறாவையும் பார்த்துச் சந்தோஷமாக வந்தது. அதற்குப் பிறகு அந்தப் படகுக்காரர் காற்று மாறுகிற நாட்களில் கேட்காமலே தொலைபேசி எடுத்துச் சொல்வார்.

நீங்கள் செய்யக்கூடியது: ‘ஏலாது’ என்பதோடு நிறுத்தாமல் காரணத்தையும் எப்போது ஏலும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயிர்காப்பு அங்கி போடாத ஆளை, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஏற்றாதீர்கள்.

கேள்வி: கட்டட வேலை. மேசனாக இருக்கிறேன். எஞ்சினியர் தம்பி எல்லோர் முன்னாலும் ஏசுகிறார். பொறுத்துக்கொண்டு போவதுதான் பணிவா?

பொறுத்துக்கொண்டே போவது பணிவில்லை, அது பயம். அந்த இடத்தில் பதிலுக்குக் கத்தவும் வேண்டாம். பின்னேரம் அவர் தனியாக நிற்கும்போது போய்ச் சொல்லுங்கள்: ‘சேர், பிழை எண்டால் சொல்லுங்கோ, உடைச்சுத் திரும்பக் கட்டித் தாறன். ஆனா பெடியளுக்கு முன்னால ஏசினால், நாளைக்கு அவங்கள் என்ர சொல்லையும் கேட்கமாட்டாங்கள், உங்கட வேலைதான் பிந்தும்.’ பெரும்பாலான இளம் எஞ்சினியர்கள் தங்களுக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில்தான் கத்துகிறார்கள். இப்படிச் சொன்னால் இறங்கி வருவார்கள். வராவிட்டால் ஒப்பந்தக்காரரிடம் போங்கள். கை நீட்டினால் இந்தப் பேச்சே கிடையாது, நேரே பொலிஸ்.

கேள்வி: எனக்குக் கீழ் வேலை செய்கிற ஒருவரை அநியாயமாக ஏசிவிட்டேன். மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையாதா?

எத்தனை பேர் முன்னால் ஏசினீர்களோ அத்தனை பேர் முன்னால் கேளுங்கள். ‘நேற்று நான் சொன்னது பிழை’, அவ்வளவு போதும். ‘ஆனால் நீங்களும்…’ என்று இழுத்தால் கேட்காமலே இருந்திருக்கலாம். மதிப்பைப் பற்றிய கவலை ஏசும்போது வந்திருக்க வேண்டும்.

கேள்வி: வேலை முறைப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. பொங்கல், நோன்பு, வெசாக் எல்லாவற்றிலும் மனஸ்தாபம்.

வருடத் தொடக்கத்திலேயே எல்லோரையும் இருத்தி, யாருக்கு எந்த நாள் விட முடியாத நாள் என்று எழுதி வாங்குங்கள். பொங்கலுக்கு முஸ்லிம், சிங்கள நண்பர்கள் நிற்பார்கள், பெருநாளுக்கு மற்றவர்கள் நிற்பார்கள். நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கிற நேரத்தில் யாரையும் அடுப்படியில் நிறுத்தாதீர்கள், வெள்ளிக்கிழமைப் பகல் ஜும்ஆவுக்குப் போக நேரம் விடுங்கள். நோன்புக் கஞ்சி ஒரு வாளி உங்களுக்கும் வந்து சேரும், அது இந்தப் பக்கத்து வழக்கம்.

கேள்வி: திட்ட உத்தியோகத்தராக இருக்கிறேன். கூட்டத்தில் ஆண்கள் எல்லோரும் ஆளுக்கு ஆள் ‘சேர்’, நான் மட்டும் ‘தங்கச்சி’. நான் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் சொன்னால் ‘நல்ல யோசனை’.

தேநீர் நேரத்தில் தங்கச்சி, கூட்டத்தில் மிஸ். அப்படியே சொல்லுங்கள், சிரித்த முகத்தோடு, ஆனால் ஒவ்வொரு முறையும். யோசனையை முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயரோடு போட்டுவிடுங்கள். இதை வாசிக்கிற ஆண்களுக்கு: அடுத்த முறை இது நடக்கும்போது ‘இதை மிஸ் அப்போதே சொன்னாரே’ என்று ஒரு வார்த்தை போடுங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

கேள்வி: முதலாளி இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுகிறார். பெயர் சொல்லித்தான் பிழை பிடிக்கிறார். நாற்பது பேர் கேட்கிறார்கள்.

அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘சேர், பிழை இருந்தால் எனக்குத் தனியாகப் போடுங்கள், உடனே பார்க்கிறேன்.’ பலர் இதற்கு இணங்குவார்கள், நாற்பது பேரும் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்கு அந்த நேரம் ஞாபகமே இருப்பதில்லை. நீங்களே முதலாளி என்றால், குழுவில் வேலை முறை, லீவு, தண்ணி வெட்டு, இவை மட்டும் வரட்டும். இரவில் அவசரம் என்றால் தொலைபேசி எடுங்கள். அவசரமில்லை என்றால் காலையில் ஆள் வருவாரே, அப்போது சொல்லலாம்.